சோர்ந்த மனதோடு வாதாட முடியுமா?

நாலு நல்ல விஷயத்தை எடுத்துச் சொன்னால் மனம் தெளிந்துவிடும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. ஆனால் எது ஞாபகத்துக்கு வர வேண்டும் என்பதையே மனநிலைதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டதால் ஆலோசனை அறைகளில் ஏற்பட்டிருக்கும் மாற்றம், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை வந்துவிட்டது.

அந்தப் பெண்மணிக்கு நாற்பது வயது என்று வைத்துக்கொள்வோம். தெற்கு கோவாவின் ஒரு கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறார். வந்தது தலைவலிக்காக. மூன்று மாதமாக விடாத தலைவலி. உடம்பெல்லாம் அசதி. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். பேச்சில் 'டென்ஷன்' என்ற வார்த்தையும் வருகிறது. இந்தியாவின் எந்த மூலையிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படாத வார்த்தை அது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். வீட்டில் கிடைப்பது வேறு மருந்து. "உனக்கென்ன குறை? பையன் நன்றாகப் படிக்கிறான். வீட்டுக்காரர் குடிப்பதில்லை. சொந்த வீடு இருக்கிறது. மனதைத் தேற்றிக்கொள்."

சொன்னவர்கள்மேல் தப்பில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை. அந்தப் பெண்மணியும் தலையாட்டுவார். ஆனால் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் கேட்டதெல்லாம் கரைந்துவிடும். மறுநாள் காலை மனதில் மிஞ்சியிருப்பது பழைய பல்லவிதான்: எல்லாம் என்னால்தான், எதுவும் சரியாகப் போவதில்லை. வீட்டாருக்கு எரிச்சல் வருகிறது. எத்தனை சொன்னாலும் ஏறாத மண்டை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் படித்துப் பட்டம் வாங்கிய ஆலோசகர்கள் பலரும் இதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

பிடிவாதம் இதற்குக் காரணம் இல்லை என்பதைக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது 1981-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கார்டன் பவர் வெளியிட்டது. ஹிப்னாடிசத்துக்கு எளிதில் வசப்படுகிறவர்களில் சிலரை மகிழ்ச்சியான மனநிலைக்கும் சிலரைத் துக்கமான மனநிலைக்கும் கொண்டுபோன பவர், அவர்களது பழைய அனுபவங்களைக் கேட்டார். சந்தோஷத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சம்பவங்கள் சரளமாக வந்தன. துக்கத்தில் இருந்தவர்களுக்குக் கசப்பானவை வந்தன. ஒரு உணர்ச்சி என்பது பல நினைவுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் முடிச்சு, அதை இழுத்தால் அதோடு பிணைந்தவைதான் மேலே வரும் என்பது பவரின் விளக்கம். அவருடைய முடிவுகளில் சிலவற்றை அவராலேயே பின்னாளில் மறுபடி நிரூபித்துக் காட்ட முடியவில்லை. ஆனால் மனநிலைக்கு ஒத்த நினைவுகளே முந்திக்கொண்டு வருகின்றன என்ற மைய விஷயம் இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்கிறது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. மனச்சோர்வு கொண்டவர்களின் வாழ்க்கையே மோசமாக இருந்திருக்கலாமே? சொல்வதற்கு நல்ல நினைவு இல்லாததால்தானே கெட்டதைச் சொல்கிறார்கள்? 1982-ல் பிரிட்டனின் டேவிட் கிளார்க்கும் ஜான் டீஸ்டேலும் இதற்குச் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஒரே நாளுக்குள் சோர்வு கூடிக் குறையும். பலருக்குக் காலையில் பாறாங்கல்லாகக் கனப்பது மாலையில் சற்று லேசாகும். இப்படிப்பட்டவர்களையே தேர்ந்தெடுத்து இரண்டு வேளையிலும் நினைவுகளைக் கேட்டார்கள். சோர்வு அதிகமான வேளையில் துயர நினைவுகள் அதிகமாகவும் இன்ப நினைவுகள் குறைவாகவும் வந்தன. சோர்வு தணிந்த வேளையில் கணக்கு மாறியது. அதே மனிதர், அதே வாழ்க்கை. இடையில் போனது சில மணி நேரம்தான்.

'இந்த மாதம் எப்படிப் போனது?' என்று ஆலோசகர் கேட்கிற சாதாரணக் கேள்வி இதனால் சாதாரணமில்லாமல் போகிறது. பதில் சொல்வது மாதமா, அந்த மணி நேரமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களை 1986-ல் ஆராய்ந்த மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். மகிழ்ச்சி என்ற வார்த்தையைச் சொல்லி, அது தொடர்பாக ஒரு குறிப்பிட்ட நாளின் சம்பவத்தைக் கேட்டால் அவர்களால் எளிதில் சொல்ல முடியவில்லை. 'அப்பாவோடு வெளியே போகும்போதெல்லாம்' என்பதைப் போலப் பொத்தாம்பொதுவாகவே நின்றுவிட்டார்கள். எந்த நாள், எந்த இடம், என்ன பேசினீர்கள் என்ற விவரத்துக்குள் மனம் இறங்க மறுத்தது. ஒரு சிக்கலிலிருந்து மீள வேண்டுமானால், முன்பு ஒருமுறை எப்படி மீண்டோம் என்பது விவரமாக ஞாபகம் வர வேண்டும். அந்தக் கதவுதான் சரியான நேரத்தில் சாத்திக்கொள்கிறது. 'எப்போதும்', 'ஒருபோதும்', 'யாருமே' என்று பேசுகிறவரிடம் அனுபவசாலியான ஆலோசகர் தத்துவம் பேசாமல் தேதி கேட்பதற்கு இதுதான் காரணம்.

பயம் வேலை செய்யும் விதம் வேறு. 1995-ல் நெதர்லாந்தில் ஆர்னோட் ஆர்ன்ட்ஸும் சகாக்களும் சில சம்பவங்களைக் கதைபோல எழுதிப் படிக்கக் கொடுத்து, அவை எவ்வளவு ஆபத்தானவை என்று மதிப்பிடச் சொன்னார்கள். சில கதைகளில் உண்மையிலேயே ஆபத்து இருந்தது, சிலவற்றில் இல்லை. சிலவற்றின் முடிவில் 'நான் பதறிப்போகிறேன்' என்ற ரீதியில் ஒரு வரி இருந்தது. பதற்ற நோய் இல்லாதவர்கள் ஆபத்தை மட்டும் பார்த்து மதிப்பிட்டார்கள். நோய் உள்ளவர்கள் அந்தப் பதற்ற வரியையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். பயமாக இருக்கிறதா, அப்படியானால் ஆபத்து இருந்தே தீரும். ராஜஸ்தானின் கோட்டா நகரில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வரும் பதினேழு வயதுப் பையன், வாராந்திரத் தேர்வுக்கு முந்தைய இரவு நெஞ்சு படபடப்பதை வைத்தே தான் தேறப்போவதில்லை என்று கணக்குப் போடுகிறான். அவனுடைய மதிப்பெண் பட்டியலைக் காட்டி ஆறுதல் சொன்னால் எடுபடாது. அவன் வேறு பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

(குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கு முதலில் உடம்புதான் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது. குலநாசம், தர்மம், பாவம் என்ற வாதங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரிசையாக வருகின்றன. இந்த வரிசையை இன்றைய ஆலோசகர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.)

கோபத்துக்கு மூன்றாவது குணம். அது சந்தேகத்தை விரட்டிவிடுகிறது. 2001-ல் அமெரிக்காவின் ஜெனிஃபர் லெர்னரும் டாச்சர் கெல்ட்னரும் வெளியிட்ட ஆய்வில், பயந்தவர்கள் வருங்காலத்தை இருட்டாகவும், கோபக்காரர்கள் ஏறக்குறைய மகிழ்ச்சியில் இருப்பவர்களைப் போலத் தெம்பாகவும் மதிப்பிட்டார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களுக்கும் இடம் உண்டு. விவாகரத்து கேட்டு அவர்கள் முன்னால் வந்து உட்காரும் தம்பதிகளிடம் காணப்படும் அசைக்க முடியாத நிச்சயத்தில் எவ்வளவு தீர்மானம், எவ்வளவு கோபம் என்று பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை.

நவீன ஆலோசனையின் பாதையை மாற்றிய ஆரோன் பெக், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1960-களில் தொடங்கியது எதிர்த்திசையிலிருந்து. ஃபிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர் அவர். நோயாளிகளின் மனதில் ஒரு நொடியில் தானாக ஓடி மறையும் எண்ணங்களைக் கவனித்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி என்று மூன்று திசையிலும் கறுத்திருந்த எண்ணங்கள். எண்ணம் கோணலாக இருப்பதால்தான் உணர்ச்சி கனக்கிறது, எண்ணத்தைச் சோதித்துத் திருத்தினால் உணர்ச்சி மாறும் என்பது அவர் வகுத்த சிகிச்சையின் அடிப்படை. 2021-ல் நூறாவது வயதில் பெக் மறைந்தபோது அவருடைய முறை உலகம் முழுவதும் பரவியிருந்தது. இந்தியாவில் மருத்துவ உளவியல் படிக்கும் யாரும் அதைத் தொடாமல் தேற முடியாது.

இந்த முறையைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் செய்யும் தவறு, அதைப் பட்டிமன்றமாக்கிவிடுவது. 'யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை' என்கிறாரா, சரி, பிடிக்கும் ஐந்து பேரைச் சொல்லுங்கள். வந்தவர் தோற்பார், ஆலோசகர் ஜெயிப்பார், வீட்டுக்குப் போகும் வழியிலேயே பழைய எண்ணம் திரும்பிவிடும். பெக் சொன்னது இது இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் முகம் திடீரென்று வாடினால், குரல் இறங்கினால், அந்தக் கணத்தில் நிறுத்தி 'இப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது?' என்று கேட்க வேண்டும். உணர்ச்சி சூடாக இருக்கும்போது வெளிப்படும் எண்ணம்தான் நோயின் எண்ணம். ஆறிய பிறகு, சாவகாசமாக, படித்தவர் தோரணையில் சொல்லப்படுவது பெரும்பாலும் விளக்கவுரை.

மனநிலையின் வாடை எதிரே உட்கார்ந்திருப்பவரையும் விட்டுவைப்பதில்லை. 1976-ல் ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளர் கல்லூரிப் பெண்களை முன்பின் தெரியாதவர்களோடு இருபது நிமிடம் தொலைபேசியில் பேச வைத்தார். மனச்சோர்வு நோயாளிகளோடு பேசியவர்கள், பேசி முடித்தபோது தாங்களும் சோர்ந்து, எரிச்சலடைந்து, அந்த நபரோடு மறுபடி பேச விருப்பமில்லாமல் இருந்தார்கள். நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்பவரின் நிலை எப்படி இருக்கும்? ஐந்தாவது ஆளாக வருபவரைப் பற்றி 'இவர் ஒத்துழைக்க மாட்டார், தேற மாட்டார்' என்று ஆலோசகர் எழுதும் குறிப்பு, நாலாவது ஆள் விட்டுப்போன கனத்தின் குறிப்பாகவும் இருக்கக்கூடும். ஆலோசகருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று இந்தத் துறை வற்புறுத்துவது சம்பிரதாயத்துக்காக இல்லை. நம் நாட்டில் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுதான்.

எண்ணத்தோடு மோதாமல் வேறு வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு 1996-ல் சியாட்டிலிலிருந்து ஒரு பதில் வந்தது. நீல் ஜேகப்சன் குழுவினர் 150 மனச்சோர்வு நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பெக்கின் முழுச் சிகிச்சையையும், இன்னொரு பகுதியினருக்கு அதில் உள்ள செயல்சார்ந்த பகுதியை மட்டும் கொடுத்தார்கள். விட்டுப்போன வேலைகளை, சந்திப்புகளை, சிறு சந்தோஷங்களைத் திட்டமிட்டு மறுபடி தொடங்க வைப்பது, அவ்வளவுதான். எண்ணங்களை யாரும் தொடவில்லை. பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. முழுச் சிகிச்சையை உருவாக்கியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு. இந்தியாவுக்கு நல்ல செய்தி. எண்ணங்களை அலசத் தேர்ந்த நிபுணர் வேண்டும். இங்கேயோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேற மாட்டார். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. பொதுவான மனநோய்களில் இந்த இடைவெளி 80 சதவிகிதத்தைத் தாண்டுகிறது.

கோவாவில் 1996-ல் தொடங்கப்பட்ட 'சங்கத்' அமைப்பு பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் வடிவமைத்த திட்டத்தில், ஆலோசகர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். மனநலத் துறையில் முன்அனுபவம் இல்லாதவர்கள். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நோயாளி ஒருவருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள். ஒவ்வொன்றும் அரை மணிக்குச் சற்று மேல். நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே. அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, ஆலோசகர்கள் ஒன்றுகூடி ஒருவர் வேலையை மற்றவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். மேற்பார்வை என்பது இங்கே காகிதத்தில் நிற்கவில்லை.

பத்து சுகாதார நிலையங்களில், மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு மேம்படுத்தப்பட்ட வழக்கமான மருத்துவம். மீதிப் பேருக்கு அதோடு இந்த ஆலோசனையும். மூன்று மாதம் கழித்து ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவிகிதத்தினர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவிகிதம். 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவு இது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இடைவெளி சற்றுக் குறைந்திருந்தாலும் பலன் நீடித்தது. அந்தப் பலனில் கணிசமான பங்கு, அவர்களது அன்றாடச் செயல்பாடு கூடியதன் வழியாகவே வந்திருக்கிறது என்றும் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில் ஆஷா பணியாளர்களுக்கே இதைக் கற்றுக்கொடுக்கும் முயற்சி பின்னர் நடந்தது.

சந்தேகங்கள் இல்லாமல் இல்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, கூலி வேலைக்கும் போய்வரும் பெண்ணிடம் உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்றால் சிரிக்க மாட்டாரா? கடனும் அடியும் நிஜமாக இருக்கும்போது அதை மனநிலைக் கோளாறாகப் பார்ப்பது எவ்வளவு தூரம் நியாயம்? 1979-ல் லாரன் அலாய், லின் ஆப்ரம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு பொத்தானை அழுத்தி விளக்கை எரியவைப்பதில் தங்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். கட்டுப்பாடே இல்லாதபோது லேசான சோர்வில் இருந்தவர்கள்தான் அதைச் சரியாகச் சொன்னார்கள். உற்சாகமானவர்கள் எல்லாம் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பிற்கால ஆய்வுகளில் இந்த முடிவு தடுமாறியிருக்கிறது. ஆனாலும் சோர்ந்தவர் சொல்வதெல்லாம் பிரமை என்று கிளம்பும் ஆலோசகருக்கு அது ஒரு கடிவாளம். கோவா திட்டத்திலேயே பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கும், குடும்பத்தாரைக் கூட அழைத்துப் பேசுவதற்கும் இடம் வைத்திருந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்களுக்கு இது மட்டும் போதாது. மனநல மருத்துவரும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

அந்த நாற்பது வயதுப் பெண்மணி இப்போது மூன்றாவது அமர்வுக்கு வந்திருக்கிறார். ஆலோசகர் போன வாரம் கொடுத்தனுப்பிய தாள் கைப்பையில் மடங்கியிருக்கிறது. ஏழு நாளுக்கும் கட்டங்கள். என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு இத்தனை எண்கள். இந்த வாரமும் ஒன்றும் பிரயோஜனமில்லை, எல்லா நாளும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டே அதை நீட்டுகிறார். ஆலோசகர் மறுத்துப் பேசவில்லை. தாளை விரித்து மேஜைமேல் இருவருக்கும் தெரியும்படி வைக்கிறார். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று போகும் வரிசையில் வியாழக்கிழமை மாலைக் கட்டத்தில் மட்டும் ஐந்து என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் கிறுக்கலாக 'அக்கா வீடு'.

"வியாழக்கிழமை போனீர்களா? யாரெல்லாம் இருந்தார்கள்?"

அந்தப் பெண்மணி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறார்.